பொறி எழுதும் உரையை எப்படிப் படிப்பது?



இம்முறை நான் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது கவிதைத் தொகுப்பும் இல்லை, நாவலும் இல்லை. ஒரு மென்பொருள் தானாகவே எழுதித் தரும் சதுரங்க உரை. தமிழாசிரியர் மடலில் இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நம்மில் எத்தனை பேர் தமிழ்மொழிக் கழகத்தோடு சதுரங்கக் கழகத்தையும் சேர்த்துச் சுமக்கிறோம்? ஆண்டுத் தொடக்கத்தில் புறப்பாடப் பொறுப்புகளைப் பிரிக்கும்போது "டீச்சர், இத நீங்களே பார்த்துக்குங்க" என்று ஒரு குரல் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. அப்போது எனக்குக் குதிரை எப்படித் தாவும் என்பது மட்டும்தான் தெரியும்.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் எங்கள் இடைநிலைப்பள்ளியின் படிவம் 2 மாணவி ஒருத்தி, மாவட்ட அளவிலான பள்ளிப் போட்டியில் தன் முதல் வெற்றியைப் பெற்றாள். இரண்டு மணி நேர ஆட்டம். எதிரே இருந்தவர் அவளைவிட அனுபவசாலி. அடுத்த கழக நாளில் அவளுடைய ஆட்டத் தாளை வாங்கி, மடிக்கணினியில் ஒவ்வொரு நகர்வாக ஏற்றி, பொறியைத் தட்டிவிட்டு உரை எழுதச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. 41 நகர்வுகளில் அவளுடைய 14 நகர்வுகளுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. சிலவற்றுக்கு இரட்டைக் கேள்விக்குறி.

"டீச்சர், நான்தானே ஜெயிச்சேன்?"

அதற்கு நான் ஏதோ சமாளித்தேன். அடுத்த வாரம் பார்த்தால் தரவுத்தளத்தில் அந்த ஆட்டமே இல்லை. அவளே அழித்துவிட்டாள். ஏன்மா என்று கேட்டேன். "பார்க்கவே அசிங்கமா இருந்துச்சு டீச்சர்" என்றாள்.

அந்தப் பதினான்கு கேள்விக்குறிகளில் பாதிக்கு மேல் நான் போட்டவை. பொறியை அமைத்தது நான்தானே.

சொற்களை முதலில் சரிசெய்துகொள்வோம், மலேசியாவில் இது அவசியம். நம் மாணவர்கள் மலாயிலும் சதுரங்கம் பயில்கிறார்கள். மலாயில் ராணிக்குப் பெயர் மெந்தெரி. தமிழில் மந்திரி என்றால் குறுக்காகச் செல்லும் காய். அந்தக் குறுக்குக் காய்க்கு மலாயில் காஜா, அதாவது யானை. தமிழிலோ யானை மூலையில் நிற்கும் காய். "மந்திரியை எடு" என்றால் பையன் ராணியைத் தூக்குவான். நான் இங்கே தமிழ் வழக்கையே பின்பற்றுகிறேன். என்ஜின் என்பதைப் பொறி என்று எழுதுகிறேன். இயந்திரமும் பொறி, எலி மாட்டிக்கொள்வதும் பொறி. இந்த இரட்டைப் பொருள் நமக்கு நன்றாகவே உதவும்.

இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். தரவுத்தள மென்பொருள் என்பது நூலகம் மாதிரி. ஆட்டங்களைச் சேமிக்கும், தேடித் தரும், வரிசைப்படுத்தும். அதற்குத் தானாகச் சதுரங்கம் தெரியவேண்டியதில்லை. பொறி என்பது பலகையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் தனி நிரல். இரண்டையும் பேச வைக்க யுசிஐ என்ற பொது நெறிமுறை இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் வந்தது. அதனால்தான் யாரோ எழுதிய பொறியை வேறு யாரோ எழுதிய தரவுத்தளத்துக்குள் மாட்ட முடிகிறது. ஹாம்பர்க் நகரின் செஸ்பேஸ் காசு கொடுத்து வாங்குவது. ஸ்கிட் வெர்சஸ் பிசி இலவசம். ஸ்டாக்ஃபிஷ் பொறியும் இலவசம்; 2008 முதல் வெளிவருகிறது, மூலநிரல் திறந்தே இருக்கிறது. பள்ளிக் கழகத்துக்கு இந்த இலவச இணையே போதும். இடைமுகம் தமிழில் இல்லை என்பது குறைதான்.

செஸ்பேஸில் பொறியைச் சேர்க்கும் கட்டளைக்கு 'கிபிட்சர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருவர் ஆடும்போது பின்னால் நின்றுகொண்டு, கேட்காமலேயே யோசனை சொல்லும் ஆளுக்கு அந்தப் பெயர். பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடைகளில் பலகையை விரித்தால் அப்படி இரண்டு பேராவது வந்து நிற்பார்கள். மென்பொருள்காரர்கள் தங்கள் பொருளுக்கு வைத்துக்கொண்ட பெயர்களிலேயே இதுதான் நேர்மையானது என்பேன்.

சென்ற மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஆசிரிய நண்பர்கள் சிலரோடு உட்கார்ந்திருந்தபோது, இதை எப்படி அமைப்பது என்று கேட்டார்கள். அங்கே சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஸ்டாக்ஃபிஷைப் பதிவிறக்கினால் சுருக்கிய கோப்பாக வரும். முதலில் அதை விரித்து, நிலையான ஓர் உறையில் வையுங்கள். பதிவிறக்க உறையிலேயே விட்டுவிட்டு, பிறகு யாராவது சுத்தம் செய்யும்போது பொறி காணாமல் போவது எங்கள் கழகத்தில் இரண்டு முறை நடந்தது. பதிவிறக்கப் பக்கத்தில் ஒரே பொறிக்குப் பல வடிவங்கள் இருக்கும். புதிய கணினிகளுக்கு ஏவிஎக்ஸ்2 வடிவம். பள்ளியில் கிடக்கும் பழைய மடிக்கணினியில் அதைப் போட்டால் பொறிச் சாளரம் திறந்த வேகத்திலேயே செத்துவிடும், காரணமும் சொல்லாது. அப்போது பழைய கணினிகளுக்கான வடிவத்தை எடுங்கள்.

ஸ்கிட் வெர்சஸ் பிசியில் கருவிகள் பட்டியலுக்குள் பகுப்பாய்வுப் பொறிகள் என்ற பகுதி உண்டு. அங்கே புதிய பொறி என்று சேர்த்து, கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டி, யுசிஐ என்பதைக் குறிக்கவேண்டும். குறிக்க மறந்தால் மென்பொருள் பழைய நெறிமுறையில் பேசிப் பார்க்கும், பொறி ஊமையாக உட்கார்ந்திருக்கும். அதன்பிறகு திரெட்ஸ், ஹேஷ் என்று இரண்டு எண்கள். முதலாவது எத்தனை மூளையைப் பயன்படுத்தலாம் என்பது, இரண்டாவது எவ்வளவு நினைவகம். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் ஹேஷ் 256 போதும். பேராசைப்பட்டு 2048 போட்டால் கணினி நெளியும்.

இதுவரை எந்த வழிகாட்டியிலும் இருக்கும். வழிகாட்டிகள் ஒரு வரியில் கடந்துபோகும் சில தேர்வுகள்தாம் உரையின் தன்மையையே தீர்மானிக்கின்றன.

முதலாவது நேரம். ஒரு நகர்வுக்கு எத்தனை விநாடி யோசிக்கலாம் என்று பொறிக்கு நாம் சொல்கிறோம். நான் அன்று இரண்டு விநாடி கொடுத்திருந்தேன். பள்ளி மணி அடிப்பதற்குள் முடியவேண்டுமே! பொறி முதல் விநாடியில் சொன்ன தீர்ப்பை முப்பதாவது விநாடியில் தானே மறுப்பதை நீங்களே உட்கார்ந்து பார்க்கலாம். பல திரெட் வைத்து ஓட்டினால் அதே நிலைக்கு இன்று ஓர் எண்ணும் நாளை சற்று வேறோர் எண்ணும் வரலாம். உரை அச்சாகி வரும்போது இந்தத் தடுமாற்றத்தின் சுவடே இருக்காது. கல்வெட்டு மாதிரி நிற்கும்.

இரண்டாவது, பிழை எல்லை. எவ்வளவு சரிந்தால் பிழை என்று குறிக்கவேண்டும் என்பதையும் நாம்தான் சொல்கிறோம். நான் 0.3 என்று வைத்திருந்தேன். கிராண்ட்மாஸ்டர் ஆட்டத்துக்கே அது கறாரான அளவு. படிவம் 2 பிள்ளைக்கு அதை வைத்தால் மூச்சு விட்டாலும் பிழைதான். கட்டுரைத் தாளில் ஒவ்வொரு ஒற்றுப்பிழைக்கும் ஒரு மதிப்பெண் வெட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இப்போது 1.5க்குக் கீழே நான் இறங்குவதே இல்லை. அதோடு, ஏற்கெனவே வென்றுவிட்ட நிலையில் எண் 9இலிருந்து 6க்கு இறங்கினால் பட்டியலில் அது பெரிய சரிவாகத் தெரியும். பலகையில் ஜெயிக்கிற ஆட்டம் ஜெயிக்கிற ஆட்டமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, மல்டிபிவி. எத்தனை மாற்று வழிகளைக் காட்டவேண்டும் என்பது. ஒன்று என்று விட்டால் 'இதுதான் சரியான விடை' என்ற தோரணை வந்துவிடும். மூன்று என்று வையுங்கள். பல நேரங்களில் மூன்று வழிகளுக்கும் இடையே 0.1, 0.2தான் வேறுபாடு இருக்கும். 'நான் ஆடியது இரண்டாவது வழி' என்று மாணவர் கண்டுபிடிக்கும்போது முகம் மாறுவதைப் பாருங்கள்.

இன்னொரு கோளாறையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அடிக்கடி நடக்கிறது. பொறியோடு விளையாட ஆசைப்பட்டு மாணவர்கள் அதன் பலத்தைக் குறைத்துவைப்பார்கள். ஸ்டாக்ஃபிஷில் 1320 புள்ளி வரை குறைக்கலாம். பிறகு அதை மாற்றாமலேயே ஆய்வுக்கு உட்காருவார்கள். வேண்டுமென்றே தப்பாடும்படி பணித்த பொறியிடம் நல்ல நகர்வு எது என்று கேட்டால் அது என்ன சொல்லும்?

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன். +1.00 என்றால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் அளவு மேல்நிலை என்று நான் பல காலம் சொல்லிக்கொடுத்தேன். நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1இலிருந்து அது பொருந்தாது. அப்போதிருந்து +1.00 என்பது, சம பலமுள்ள எதிரியோடு ஆடினால் வெல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்பதைக் குறிக்கும்படி அளவுகோலை மாற்றிவிட்டார்கள். குறி அதேதான், பொருள் நகர்ந்துவிட்டது. 'நாற்றம்' என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது என்று வகுப்பில் சொல்கிறோமே, அப்படி. பழைய வழிகாட்டியை வைத்துக்கொண்டு புதிய பொறியைப் படித்தால் பொருள்மயக்கம்தான் வரும்.

அந்தச் சம பலமுள்ள எதிரி யார் என்றும் கேட்கவேண்டும். இன்னொரு ஸ்டாக்ஃபிஷ். மாவட்டப் போட்டியில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கும் பதினான்கு வயதுப் பிள்ளை இல்லை.

தமிழாசிரியருக்கு உரை என்றால் ஒரு படம் மனத்தில் இருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர் உரை எழுதினார். பின்னால் வந்த சேனாவரையர் பல இடங்களில் அவரை மறுத்தார். மறுக்கும்போது வெறுமனே பிழை என்று எழுதிவிட்டுப் போகவில்லை. அவர் இப்படிச் சொன்னார், இன்ன காரணத்தால் அது பொருந்தாது என்று வாதிட்டார். அதனால்தான் இன்று நாம் இருவரையும் படிக்கிறோம், சில இடங்களில் இளம்பூரணர் பக்கமே சாய்கிறோம். காரணம் சொன்ன உரையோடு சண்டை போடலாம். எண் மட்டும் சொல்லும் உரையோடு எப்படிச் சண்டை போடுவது? எண்ணுக்குப் பின்னால் பொறி ஒரு நகர்வு வரிசையும் தருகிறது என்பது உண்மைதான். அதைப் பொழிப்புரை என்று சொல்லலாம். விளக்கவுரை இல்லை.

பொறி மிகப் பலமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உலகில் எந்த மனிதரும் அதை வெல்ல முடியாது. நான் குறை சொல்வது அதன் உரைநடையை.

ஓர் ஆட்டத்தை வைத்துப் பார்ப்போம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக வெற்றியாளர் போட்டியின் 14ஆவது, கடைசி ஆட்டம். சீனாவின் டிங் லிரென் வெள்ளை, சென்னையின் குகேஷ் கறுப்பு. அதுவரை 6.5க்கு 6.5. இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். பொறியைக் கேட்டால் சமநிலை என்கிறது. 55ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். குகேஷ் யானைகளை மாற்றிக்கொண்டு, மந்திரியை டிங்கின் மந்திரிக்கு எதிரே நிறுத்தினார். டிங்கின் மந்திரி மூலையில் இருந்தது, தப்ப இடமில்லை. அதுவும் மாற்றமானது. மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும். அந்தக் கூடுதல் சிப்பாய் இப்போது போதும். 58 நகர்வுகளில் டிங் ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலக வெற்றியாளர்.

இந்த ஆட்டத்தைத் தரவுத்தளத்தில் போட்டு உரை எழுதச் சொல்லுங்கள். நியாயமான எல்லை வைத்தால் 55ஆவது நகர்வுக்கு இரட்டைக் கேள்விக்குறி வரும். அது சரிதான். அதற்கு முன்னால்? சமநிலை, சமநிலை, சமநிலை. ஆனால் ஆட்டத்தின் கதையே அங்கேதான் இருக்கிறது. சமநிலை என்று ஊரே சொல்லும் நிலையில், தனக்கு ஆபத்தில்லை, எதிரிக்குத்தான் ஒவ்வொரு நகர்விலும் கவனம் தேவை என்று தெரிந்து ஒருவர் விடாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மந்திரி மூலைக்குப் போனபோதே ஒரு கதவு பாதி மூடிவிட்டது. பொறிக்கு இது தெரியாது, ஏனென்றால் பொறிக்குக் களைப்பு வராது. 0.00 என்ற எண்ணுக்குள் எளிய சமநிலையும் இருக்கிறது, கயிற்றின்மேல் நடக்கும் சமநிலையும் இருக்கிறது. இரண்டுக்கும் அது ஒரே எண்ணைத்தான் தருகிறது.

குகேஷைப் பற்றி இன்னொன்றும் இங்கே சொல்லவேண்டும். அவருடைய பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா, அவரும் கிராண்ட்மாஸ்டர்தான், சிறுவயதில் குகேஷைப் பொறி இல்லாமல் பழக்கினார். 2019 ஜனவரியில், 12 வயதில், கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெறும் கட்டம் வரை பொறியின் துணையில்லாத பயிற்சிதான். பிறகு எல்லாரையும் போல அவரும் பொறியைப் பயன்படுத்துகிறார். அந்த உயரத்தில் பொறி இல்லாமல் தயாரிப்பே இல்லை. பொறி எப்போது உள்ளே வரவேண்டும் என்பதை ஓர் ஆசிரியர் முடிவு செய்தார் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். ஒரு மேதையை வைத்து எல்லாருக்கும் விதி எழுத முடியாது, ஒப்புக்கொள்கிறேன். நம் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. பொறி இல்லையென்றால் அவர்களுடைய ஆட்டத்தைப் பார்த்துச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்த சதுரங்கத்தை வைத்து ஒரு மாநில ஆட்டக்காரரை உருவாக்க முடியாது. அதனால் பொறியை எங்கள் கழகத்திலிருந்து எடுக்கவில்லை. வரிசையை மட்டும் மாற்றினேன்.

இப்போது ஆட்டம் முடிந்ததும் மாணவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதவேண்டும். எல்லா நகர்வுக்கும் வேண்டாம், மூன்று இடங்கள் போதும். எங்கே அதிக நேரம் யோசித்தாய், என்ன பயந்தாய், ஏன் அதை ஆடினாய். தமிழிலேயே எழுதலாம், பேச்சுத் தமிழானாலும் பரவாயில்லை. அதன் பிறகுதான் மடிக்கணினி. தானியங்கி உரையை விட்டுவிட்டு, அந்த மூன்று இடங்களில் மட்டும் பொறியை நிறுத்தி, மூன்று வழிகளோடு அரை நிமிடம் ஓடவிடுகிறோம். பொறி வேறு நகர்வைச் சொன்னால், ஏன் என்று மாணவர் ஒரு வாக்கியமாவது எழுதவேண்டும். 'கம்ப்யூட்டர் சொல்லுது' என்பது வாக்கியமாகாது.

எஸ்.பி.எம். எழுதப்போகும் மாணவர்களே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ் இலக்கியத் தாளில் நாவலின் பாத்திரப் படைப்பு பற்றிக் கேட்டால், 'சிறப்பாக அமைந்துள்ளது', 'மிக நேர்த்தியாக உள்ளது' என்று நிறையப் பேர் எழுதுகிறீர்கள். வழிகாட்டி நூலில் அப்படித்தான் இருக்கிறது, மனப்பாடம் செய்துவிட்டீர்கள். அதுவும் ஓர் எண்தான், +1.3 மாதிரி. எந்த இடத்தில், எந்தச் செயலால், எந்தப் பேச்சால் சிறப்பு என்று எழுதினால்தான் திருத்துகிறவர் உங்களோடு பேச முடியும். ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். உங்கள் வழிகாட்டி நூல் நல்ல கிபிட்சராக இருக்கலாம், ஆனால் தேர்வு மண்டபத்தில் அது உங்கள் பின்னால் வந்து நிற்காது.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. கழகக் கணினியில் பொறியின் அமைப்புகளை நீங்களே போட்டு, என்ன போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கணினியிலேயே ஒட்டிவையுங்கள். நேரம், எல்லை, வழிகள், பலம் முழுதா குறைத்ததா. அடுத்து உட்காரும் மாணவருக்கு இந்த உரையை எந்த அளவுகோலில் எழுதினார்கள் என்று தெரியவேண்டும். எங்கள் தாள் காபிக் கறையோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெண்ணின் ஆட்டத் தாள் என் கோப்பில்தான் இருந்தது. இந்த ஆண்டு ஏப்ரலில் எடுத்துக் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றாள். பிறகு அவளே திரும்ப ஏற்றினாள். நோட்டில் 23ஆவது நகர்வுக்கு, "இங்க ரொம்ப பயந்துட்டேன், அதான் யானையைப் பின்னாடி இழுத்தேன்" என்று எழுதியிருந்தாள். முன்பு இரட்டைக் கேள்விக்குறி வாங்கிய நகர்வுகளில் அதுவும் ஒன்று. மூன்று வழிகளோடு அரை நிமிடம் ஓடவிட்டோம். யானையைப் பின்னால் இழுப்பது மூன்றாவது வழியாக வந்தது. முதல் வழிக்கும் அதற்கும் வேறுபாடு 0.4. திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ பயந்தது சரிதானா டீச்சர்?" என்று கேட்டாள். முதல் வழியைப் பலகையில் இருவரும் ஆடிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளி மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் தொடரவேண்டும்.